ஒற்றை ஹெட்லைட் சிட்ரோயன்

1939இல் பிரெஞ்சுக் கார் நிறுவனமான சிட்ரோயன் செய்த சோதனை மாதிரி வண்டியின் படத்தை யாரிடம் காட்டினாலும், முதலில் வரும் கேள்வி ‘இன்னொரு ஹெட்லைட் எங்கே?’ என்பதுதான். எங்கும் உடைந்து விழவில்லை. வண்டியே அப்படித்தான் செய்யப்பட்டது. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி ஒரு விளக்கு இருந்தால் போதும். சட்டம் கேட்காத இரண்டாவது விளக்கின் எடையையும் செலவையும் வண்டி எதற்குச் சுமக்க வேண்டும்? இதைச் செய்தவர்கள் இப்படித்தான் யோசித்தார்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தகட்டு உதிரிபாகங்களுக்கு வரைபடம் போடுவது என் தொழில். ஒரு பாகத்தில் நூறு கிராம் குறைப்பதற்குள் எத்தனை முறை அழித்து அழித்து வரைய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான், உலகமே கொண்டாடும் சிட்ரோயனின் 2சிவி என்ற சின்னக் காரை விட, அதற்கு முன்னால் வந்த இந்த ‘டிபிவி’ மேல் எனக்கு அதிக ஈர்ப்பு. ‘மிகச் சின்ன வண்டி’ என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர்.

கதை 1930களின் நடுவில் தொடங்குகிறது. கடனில் மூழ்கிய சிட்ரோயன் நிறுவனம், டயர் செய்யும் மிஷெலின் நிறுவனத்தின் கைக்குப் போன சமயம். புதிய தலைவர்களில் ஒருவரான பியர்-ஜூல் பூலான்ஜே, கிராமத்து விவசாயிக்கு ஒரு வண்டி வேண்டும் என்றார். மரச்செருப்பு போட்ட இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும். 60 கிலோமீட்டர் வேகம் போனால் போதும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல்தான் குடிக்க வேண்டும். உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு போனால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது. நல்ல உயரக்காரரான பூலான்ஜே தொப்பியைக் கழற்றாமல் உள்ளே ஏறிப் பார்ப்பாராம், தொப்பி இடித்தால் அந்த வடிவம் தள்ளுபடி என்றும் சொல்வார்கள்.

பொறியாளர் ஆந்த்ரே லெஃபெவ்ரும் அவருடைய குழுவும் இதற்குக் கொடுத்த விடைகள்தான் விசித்திரமானவை. ஆரம்ப மாதிரிகளில் இருக்கைகள் தரையில் நிற்கவில்லை. கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கின. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் மைக்கா என்ற ஒளி ஊடுருவும் கனிமத் தகடு. கூரைக்குக் கேன்வாஸ். வைப்பர் ஒன்றே ஒன்று, அதையும் கையால்தான் ஆட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது, எஞ்சினைக் கையால்தான் கிளப்ப வேண்டும்.

பானெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நெளி நெளியாக மடித்த தகடு அது. பார்ப்பவர்கள் ‘கொட்டகை மாதிரி இருக்கிறதே’ என்பார்கள். ஆனால் மெல்லிய தகட்டைத் தட்டையாக விட்டால் கை வைத்தாலே அமுங்கும், வண்டி ஓடும்போது படபடக்கும். அதே தகட்டில் வரிவரியாக மடிப்பு விழுந்துவிட்டால், ஒரு கிராம்கூடக் கூடாமல் வளையாத விறைப்பு வந்துவிடும். இல்லையென்றால் தடிமனைக் கூட்ட வேண்டும், எடையும் கூடும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அந்த மடிப்பை மறைக்காமல் வண்டியின் முகத்திலேயே வைக்கத்தான் துணிச்சல் வேண்டும்.

அப்புறம் சஸ்பென்ஷன், அதாவது மேடு பள்ளத்தின் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு. முறுக்கினால் திரும்பி வரும் எஃகுத் தண்டுதான் டார்ஷன் பார். அப்படிப்பட்ட தண்டுகள் எட்டை சிட்ரோயன் பொறியாளர் அல்ஃபோன்ஸ் ஃபோர்சோ பின் இருக்கைக்கு அடியில் அடுக்கினார். முன் அச்சுக்கும் அதன் தண்டுகளுக்கும் நடுவில் கேபிள் ஓடியது. ஆட்களும் மூட்டையும் கூடினால் மட்டும் வேலை செய்யத் தனியாகத் தண்டுகள். முட்டைக்கூடைக்காக இவ்வளவு ஏற்பாடு.

இங்கேதான் எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. டிபிவியைப் பார்த்தால் ஏழை வண்டி என்று தோன்றும். உண்மையில் அது விலையுயர்ந்த வண்டி. எடைக்காக அலுமினியக் கலவைகளையும் மக்னீசியத்தையும் அள்ளிப் போட்டிருந்தார்கள். மக்னீசியம் வெல்டிங் சூட்டில் தீப்பிடிக்கக் கூடியது. 375 சிசி எஞ்சினுக்கு நீர்க் குளிர்விப்பு வேறு. ஒரு விளக்கையும் ஒரு மோட்டாரையும் மிச்சம் பிடித்துவிட்டு, உலோகத்தில் கொட்டிச் செலவழித்திருக்கிறார்கள். எடையும் விலையும் ஒன்றாகவே குறையும் என்று நம்பியதுதான் அந்த வடிவமைப்பின் பலவீனம் என்பது என் கருத்து.

1939 நடுவில் 250 வண்டிகள் முன்னோட்டமாகத் தயாராயின. ஆகஸ்ட் 28ஆம் தேதி அரசு அனுமதியும் கிடைத்தது. அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் காட்டுவதாகத் திட்டம். செப்டம்பர் 3ஆம் தேதி பிரான்ஸ் போரில் இறங்கியது, கண்காட்சி நடக்கவில்லை. ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாது என்று பெரும்பாலான வண்டிகளை அழித்தார்கள், சிலவற்றை மட்டும் ஒளித்து வைத்தார்கள். 1941க்குள் அலுமினியம் விலை 40 சதவீதம் ஏறியிருந்தது. போர் முடிந்தாலும் இந்த வண்டி கட்டுபடியாகாது என்று நிறுவனத்தின் அறிக்கை ஒன்று சொன்னது.

சரி, மறுபடி வரைந்தார்கள். 1948 அக்டோபரில் பாரிஸில் வெளிவந்த 2சிவியில் உடல் எஃகு. வடிவமைப்பாளர் ஃப்ளாமினியோ பெர்டோனி அதற்கு வளைவுகள் கொடுத்தார். பொறியாளர் வால்டர் பெக்கியா காற்றில் குளிரும் எஞ்சினைக் கொண்டுவந்தார், ரேடியேட்டர் போனது, குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் கவலையும் போனது. டார்ஷன் பார்களுக்குப் பதிலாக, வண்டியின் பக்கவாட்டில் படுக்கவைத்த சுருள்வில்கள் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இணைத்தன. விளக்கு இரண்டானது. ஸ்டார்ட்டரும் வந்தது. பழைய கஞ்சத்தனம் மட்டும் மிச்சம் இருந்தது: வைப்பர் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடியது, வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும். கொடுத்த வசதிகள் கூடின, பயன்படுத்திய பொருள்கள் மலிவாயின. இந்த வண்டியின் வம்சம்தான் 1990 வரை ஓடியது.

1994இல், சிட்ரோயனின் சோதனைத் திடல் இருந்த லா ஃபெர்த்தே-விதாமில், ஒரு களஞ்சியத்தின் பரணில் மூன்று டிபிவிகள் கிடைத்தன. அவற்றுக்குப் புது வண்ணம் அடிக்காமல், கண்டெடுத்த கோலத்திலேயே வைத்திருப்பது சரியான முடிவு. புதுப்பித்துவிட்டால் எந்த மடிப்பு தாங்கியது, எந்த மூலை விட்டுக்கொடுத்தது என்பதெல்லாம் மறைந்துவிடும். நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நான் ஹெட்லைட் பக்கம்கூடப் போக மாட்டேன். பின் இருக்கைக்கு அடியில் குனிந்து, அந்த எட்டுத் தண்டுகளும் எப்படிப் பொருந்தியிருக்கின்றன, கேபிள் எந்த வழியாக முன்னால் போகிறது என்று பார்ப்பேன். அதைப் படத்தில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை.