டகோமாவுக்குப் பனி டயர் வாங்கிய கதை

போன நவம்பரில் ஒரு சாயங்காலம், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகரில் சிவப்பு விளக்கைப் பார்த்து பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று அதிர, முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத வேகத்தில் கோட்டைத் தாண்டி, நாற்சந்தியின் நடுவரைக்கும் வழுக்கிக்கொண்டே போய் நின்றேன். எதிரே வந்த பஸ்காரர் ஹார்ன்கூட அடிக்கவில்லை, கையை மட்டும் மெல்ல உயர்த்தினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவ்வளவு உறைத்திருக்காது. தருமபுரியில் லாரி ஓட்டியவர் மகன் நான்.

வண்டி 2006 டொயோட்டா டகோமா பிக்கப், இரண்டாம் கை. ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே, பனிக்குப் பயமில்லை என்று நம்பித்தான் வாங்கினேன். கிளம்பும்போது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மேட்டில் மற்ற கார்கள் சக்கரம் சுற்றி நிற்கும்போது நாம் ஏறிவிடலாம், அதெல்லாம் உண்மை. ஆனால் பிரேக் எந்தக் காரானாலும் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. ரப்பர் தரையைப் பற்றவில்லை என்றால் ஃபோர் வீல் டிரைவ் அங்கே ஒரு உதவிக்கும் வராது.

அன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டேன். இங்கே ராத்திரி ஒன்பது, அங்கே காலை ஒன்பதரை, களி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். "டயரக் காட்டு கண்ணு" என்றார். டார்ச் அடித்து போனில் காட்டினேன். "பட்டன் இருக்குதே. நகத்தால அழுத்திப் பாரு" என்றார். பட்டன் என்றால் டயரின் மேல்கட்டை. அழுத்தினேன், கல். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருந்தது, 3514. அதாவது 2014ஆம் வருஷம், 35ஆவது வாரம் செய்தது. சாதாரண டயர் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுக ஆரம்பிக்கும் என்கிறார்கள். அன்றைக்கு மைனஸ் 14.

அப்பா ரொம்பப் பேசவில்லை. "ஏறின கியர்லதான் இறங்கணும்னு உனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாய்ப் பேச்சு அது, கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு, இரட்டைப் பாலத்தருகே பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். சின்ன வயதில் கேபினில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இறக்கம் இறங்கும்போது, இரண்டாவது கியரில் இன்ஜின் முனகுகிற சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. வண்டியைக் கிளப்புவதைவிட நிறுத்துவதுதான் வேலை என்பது எனக்குத் தெரியாததா!

சரி, டயர். ஆல்பர்ட்டாவில் பனி டயர் கட்டாயமில்லை. பான்ஃப் தாண்டி கோல்டன் பக்கம் மலைச்சாலையில் போனால் பிரிட்டிஷ் கொலம்பியா சட்டம், அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வேண்டும். சேறு, பனி இரண்டுக்கும் என்று குறிக்கும் வெறும் எம்+எஸ் எழுத்து இருந்தாலே அங்கே செல்லும், ஆனால் நான் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ போட்ட முத்திரையைத்தான் தேடினேன். அது பனியில் சோதித்துப் பார்த்துக் கொடுப்பது. என் வண்டியில் இருந்தது 265/70 ஆர்16 அளவு, முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். பனிக்கு 245/75 ஆர்16 எடுத்தேன். உயரம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான் குறையும், அகலம் இருபது. இதைச் சொன்னதும் அப்பாவுக்கு உடனே பிடித்துவிட்டது. "மாட்டு வண்டிச் சக்கரம் அகலமாவா இருக்குது? சேத்த அறுத்துக்கிட்டுக் கெட்டி மண்ணப் போய்ப் பிடிச்சிக்கும்." கடைக்காரர் பத்து நிமிஷம் விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வருஷத்துக்கு இரண்டு முறை டயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டுவது டயருக்கும் நல்லதில்லை, பணத்துக்கும் நல்லதில்லை. அதனால் தனியாக நாலு இரும்பு டிஸ்க், அதாவது இரும்பு ரிம், வாங்கினேன். ஆறு போல்ட், அவை நிற்கும் வட்டம் 139.7 மில்லிமீட்டர், நடு ஓட்டை 106. எல்லாம் பொருந்தியது, நட்டில்தான் ஏமாந்திருப்பேன். டொயோட்டாவின் அலுமினிய ரிம்முக்கு வரும் நட்டின் அடியில் தட்டை வாஷர் இருக்கும். இந்த இரும்பு டிஸ்க்கின் ஓட்டையோ சரிவாக இருக்கிறது, அதற்குக் கூம்பு முனை நட்டு வேண்டும். பழைய நட்டையும் டிஸ்க்கையும் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் உட்காரவில்லை என்று தெரிந்தது. இருபத்து நாலு புது நட்டு வாங்கினேன். பழைய வண்டிக்குத் தனி டிஸ்க் வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள், ஓடும்போது நட்டு தளர்ந்தால் சக்கரமே கழன்றுவிடும்.

கராஜில் ஜாக்கி வைத்து நானே மாட்டினேன், எதிரெதிர் நட்டாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 83 அடி-பவுண்டில் 'டக்' என்றது. நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் இன்னொரு தடவை இறுக்க வேண்டும். புது ரப்பரை நகத்தால் அழுத்தினால் மைனஸிலும் அமுங்குகிறது. இப்போது அதே சிக்னலில் நிதானமாக நிற்கிறேன். இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கராஜைத் திறந்து, கழற்றி அடுக்கிய பழைய டயர்களின் வாசனை வந்தால் பாலக்கோடு ரோட்டு பங்க்சர் கடையில்தான் நிற்கிறேன், வாளித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டு.

முதல் நாள் கிளம்பும்முன் அம்மா போனில் எலுமிச்சம்பழத்தை ஞாபகப்படுத்தினார். முந்தின நாளே வாங்கி வண்டியில் வைத்திருந்தேன், உறைந்து கூழாங்கல்லாகக் கிடந்தது. உள்ளே எடுத்துப்போய் வெந்நீரில் போட்டு, இளகியதும் நாலு சக்கரத்தின் கீழும் ஒவ்வொன்றாக வைத்தேன். அப்பா போனிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் கியர்லயே மெதுவா எடு" என்றார்.