அட்டவணைக் கட்டத்தில் வரி உடையும் இடம்

இணையத்தில் காட்டும் அறிக்கைப் பக்கங்களை வடிவமைக்கும் பணியில் எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை கணக்கைப் பற்றியவை அல்ல. 'தொகை இரண்டு வரியாக வருகிறது', 'ஒரு நெடுவரிசை மட்டும் திரையைத் தாண்டி ஓடுகிறது' என்பவைதாம். இவற்றை வெறும் அழகுக் குறைகளாக ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. '12,500 கிலோ' என்பதில் எண் ஒரு வரியிலும் அலகு அடுத்த வரியிலும் நின்றால், மேலிருந்து கீழாக எண்களை ஒப்பிட்டு வருபவரின் கண் தடுமாறும். அந்த ஒப்பீட்டுக்காகத்தானே அட்டவணை போடுகிறோம்.

பழைய பக்கங்களில், வரி உடைவதைத் தடுக்கும் 'நோரேப்' என்ற பண்பு ஒவ்வொரு கட்டத்திலும் எழுதப்பட்டிருப்பதை இன்றும் காண்கிறேன். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 1999இல் வெளிவந்த 4.01 பதிப்பு அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் 'ஒயிட்-ஸ்பேஸ்: நோரேப்' அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அதை அட்டவணை முழுவதற்கும் பொதுவாக இட்டுவிடுவது தவறு. தேதி, தொகை, குறியீட்டு எண் ஆகியவை உடையக் கூடாது. குறிப்புரையும் முகவரியும் மடிந்தே ஆக வேண்டும். ஆகவே முடிவு நெடுவரிசைதோறும் தனித்தனியாக எடுக்கப்பட வேண்டியது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, வரி உடையும் விதிதான் நெடுவரிசையின் அகலத்தையும் தீர்மானிக்கிறது என்பது. உள்ளடக்கத்தைப் பார்த்து உலாவியே அகலத்தைக் கணக்கிடும் வழக்கமான 'ஆட்டோ' அமைப்பில், உடைக்க முடியாத மிக நீண்ட துண்டு எவ்வளவு இடம் கேட்கிறதோ அதற்குக் கீழே உலாவி நெடுவரிசையைக் குறுக்காது. மூன்று இலக்க எண்களே உள்ள நெடுவரிசை, 'நிலுவைத்தொகை' என்ற தலைப்பினால் மட்டுமே அகன்று நிற்பது இதனால்தான். இடம் போதாதபோது சொல்லை நடுவில் உடைக்கச் சொல்லும் 'ஓவர்ஃப்ளோ-ரேப்: பிரேக்-வேர்ட்' விதியை எழுதியும் நீண்ட சொல் உடையவில்லையே என்று சக பணியாளர்கள் கேட்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது: குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது உலாவி அந்த உடைப்பு வாய்ப்பைக் கருதுவதில்லை. 'பிரேக்-வேர்ட்' என்பதற்குப் பதில் 'எனிவேர்' என்ற மதிப்பைத் தந்தால் கருதும். ஆனால் இடம் நெருக்கடியானால் சாதாரணச் சொற்களைக்கூட நடுவில் வெட்டிவிடும். எனக்கு உகந்தது, அட்டவணைக்கு அகலம் குறித்து, நெடுவரிசை அகலங்களை நிலையாக வைக்கும் 'டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸ்ட்' என்று அமைத்து, முதல் வரிசையிலேயே நெடுவரிசைகளின் அகலத்தைச் சொல்லிவிடுவது. அதன்பின் 'பிரேக்-வேர்ட்' எதிர்பார்த்தபடி வேலை செய்யும்.

நீண்டதை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் வழியை நான் கூடியவரை தவிர்க்கிறேன். 'அறிக்கை_மார்ச்_திருத்தியது_1', 'அறிக்கை_மார்ச்_திருத்தியது_2' என்ற இரு கோப்புகளுக்கும் வேறுபாடு கடைசி எழுத்தில்தான் உள்ளது. வெட்டினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். சுட்டியை மேலே கொண்டுசென்றால் முழுப் பெயரைக் காட்டலாம் என்பார்கள், தொடுதிரையில் அதற்கு வழியில்லை.

அடிக்கோடு இயல்பாக உடைப்பு இடமாகக் கொள்ளப்படுவதில்லை என்பதால், இத்தகைய பெயர்களில் ஒவ்வோர் அடிக்கோட்டுக்குப் பின்னும் 'இங்கே வரியை உடைக்கலாம்' என்று உலாவிக்குச் சொல்லும் 'டபிள்யூபிஆர்' குறிச்சொல்லை நிரலே சேர்க்கும்படி செய்கிறேன். அகலமற்ற இடைவெளி எழுத்தை இட்டாலும் வரி அதே இடத்தில்தான் உடையும். ஆனால் அந்த எழுத்து, பெயரை நகலெடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்துவிடுகிறது, அப்படி ஒட்டிய பெயரைத் தேடுபெட்டியில் இட்டால் கோப்பு கிடைக்காமல் போகலாம்.