இரண்டு பொல்லார்டுக்கு நடுவில்

அந்தத் தெருவின் நடைபாதை வேலை முடிந்து, பில் பாஸாகி, நானும் அந்தக் கம்பெனியை விட்டு வந்தாயிற்று. பொல்லார்டு, அதாவது வண்டி ஏறாமல் இருக்க நடைபாதை முனையில் நடும் குட்டைக் கம்பித் தூண், அதன் இடைவெளியைப் பற்றி சைட்டில் நடந்த பேச்சு மட்டும் இன்னும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நடைபாதை போட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். நடைபாதைக்கான இந்திய சாலைகள் காங்கிரஸ் வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 103 சொல்கிறபடி 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் விட்டு, கர்ப் (ஓரக்கல்) உயரத்தை 150 மில்லிமீட்டருக்குள் அடக்கி, முனையில் சாய்தளமும் கொடுத்தால், அதில் முதலில் ஏறுவது டூவீலர்தான். சிக்னலில் சிவப்பு விழுந்தால் போதும். அதைத் தடுக்கத்தான் பொல்லார்டு. ஆனால் சக்கர நாற்காலி தாராளமாகப் போக 90 சென்டிமீட்டர் வேண்டும். ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் 70ஐச் சுற்றித்தான் இருக்கும். அப்புறம் எதை எப்படித் தடுப்பது?

அன்று பெரிய இன்ஜினியர் வந்திருந்தார். முடிந்த பகுதியில் ஒரு பாட்டியை வண்டி இடித்திருந்தது. அந்தக் கோபத்தில் இருந்தார். "நெருக்கி வைப்பா. நாளைக்கு இன்னொண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

எதிர் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் வந்து பொல்லார்டு பக்கத்தில் நிறுத்தினார். வீல் கம்பியில் லேசாக உரசியது. "கடைசில ஒரு வழி விட்டுடறோம் சார்" என்றார் இன்ஜினியர். நாற்காலியில் இருந்தவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "வண்டிக்காரன் ஏறுறான்னா அவனப் பிடிங்க தம்பி. என்னை ஏன் ரோட்டுல இறக்குறீங்க?"

"போலீஸ் எங்க கையில இல்லையே சார்" என்றேன்.

பொய் இல்லை. எஸ்டிமேட்டில் கிரானைட்டுக்கு ரேட் உண்டு, பார்வையற்றோருக்கான தொடு உணர் டைலுக்கு உண்டு, பொல்லார்டுக்கு உண்டு. முனையில் ஒரு ஆளை நிற்கவைக்க ஐட்டம் கிடையாது. சென்னை மாநகராட்சி 2014இல் கொண்டுவந்த கொள்கை, போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக வேண்டும் என்றது. பாண்டி பஜார் 2019இல் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் நடப்பவர்களுக்கான தெருவாக மாறியது. இதெல்லாம் பெரிய விஷயம். நான் சேர்ந்த காலத்தில் ரோடு என்றால் தார் மட்டும்தான். ஆனால் திட்டப் பணத்தில் கல் வாங்கலாம். வருஷா வருஷம் சம்பளம் கொடுக்க வழியில்லை. அதனால் போலீஸ்காரர் செய்ய வேண்டியதைக் கம்பியிடம் ஒப்படைக்கிறோம். கம்பிக்கு ஆள் பார்த்து விடத் தெரியாது.

இப்படி நினைக்கும்போது என் பக்கம் நியாயம் இருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் எதிர் வீட்டுக்காரர் என்னிடம் போலீஸ் கணக்கா கேட்டார்? எந்த ஆபத்தை யார் தலையில் வைக்கிறோம் என்றுதான் கேட்டார். பாட்டி தலையிலா, அவர் தலையிலா? அன்றைக்கு டிராயிங் என் கையில் இருந்தது.

கடைசியில் இரண்டு முனையிலும் ஒரு இடைவெளியை மட்டும் அகலமாக விட்டு, மற்றதை நெருக்கினோம். எல்லோருக்கும் திருப்தி. கொஞ்ச நாளிலேயே வண்டிகள் சரியாக அந்த வழியில் புகுந்தன. கடைக்காரர் யாரோ சிமென்ட் ரொப்பிய பெயின்ட் டப்பாவை நடுவில் வைத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. வண்டி வருவது நின்றது. பாட்டிகள் நிம்மதியாக நடந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் ரோட்டோரமாகவே போய்வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது பார்க்கும் வேலைகளில் பொல்லார்டு இடைவெளியை 1.2 மீட்டர் என்றே வரைகிறேன். கீழே குறிப்பில் "போக்குவரத்துக் காவல்துறை கண்காணிப்பு அவசியம்" என்றும் சேர்க்கிறேன். அந்த வரிக்கு எஸ்டிமேட்டில் இன்னும் தொகை இல்லை.