நரம்பு ஒட்டிய மரவில்: எங்கே கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது

வில்லின் முதுகில், அதாவது இலக்கைப் பார்த்த பக்கத்தில், நரம்பு (தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்) ஒட்டிவிட்டால் வில் உடையவே உடையாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. வில்லை இழுக்கும்போது முதுகுப்பக்கம் நீள்கிறது, நம்மைப் பார்த்த உள்பக்கம் நசுங்குகிறது. மரம் நூற்றில் ஒரு பங்கு நீள்வதற்கே திணறும். நரம்பு அதைவிடப் பல மடங்கு நீண்டு மீளும். ஆக, முதுகுக்குக் காவல் உண்டு. உள்பக்கத்துக்கு இல்லை. நரம்பு உலர்ந்து சுருங்கி வில்லைப் பின்னுக்கு வளைப்பதால், நாணேற்றும்போது உள்பக்கத்துக்குச் சுமை கூடத்தான் செய்யும். அதனால் நசுங்கலைத் தாங்கும் மரம் வேண்டும்.

நம் பக்கத்தில் அதற்குத் தோதானது மல்பெரி. பட்டுப்புழுவுக்காகக் கவாத்து செய்யும் செடி தடிக்காது. வரப்பில் மரமாக வளரவிட்டதைப் பாருங்கள். முறுக்கில்லாத, கணு குறைந்த கட்டையை ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும். இரு முனைகளிலும் பெயின்ட் பூசி, நிழலில் குறைந்தது ஆறு மாதம் போடுங்கள். தடசு நல்ல வில் மரம்தான், ஆனால் அது காட்டு மரம். அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது.

26 அங்குலம் இழுக்க 52 அங்குல நீளம் போதும். நடுவில் ஒன்றரை அங்குல அகலம், நுனியில் அரை அங்குலம். நரம்பு ஒட்டும் முன்பே இரு பாதியும் ஒரே சீராக வளைய வேண்டும். ஓரிடம் மட்டும் அதிகம் வளைந்தால், "நரம்பு போட்டால் சரியாகிவிடும்" என்று விடாதீர்கள், ஆகாது. கோணல் இருந்தால் நெருப்பில் காட்டி நிமிர்த்துவதும் இப்போதே. பிறகு சூடு பட்டால் பசை விட்டுவிடும்.

நரம்புக்கு மாட்டின் பின்னங்கால் நரம்பு நல்லது. கறிக்கடையில் முதல் நாளே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள். மான் நரம்பு என்று யார் கொடுத்தாலும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கொழுப்பையும் சவ்வையும் சுரண்டி நிழலில் உலர்த்தினால் மஞ்சளாக, விறைப்பாக ஆகும். கல்மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டினால் வெள்ளை நாராகப் பிரியும். இரும்புச் சுத்தியின் விளிம்பு நாரை அறுத்துவிடும். இரண்டு அடுக்குக்கு 150 முதல் 200 கிராம் உலர்ந்த நார் தேவைப்படும்.

வேலையின் உயிரே பசையில் இருக்கிறது. தச்சர்கள் வாங்கும் வஜ்ஜிரத்தில் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி இரவு ஊறவிடுங்கள். காலையில் அந்தப் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து உருக்க வேண்டும். நேரடி அடுப்பு கூடாது. கொதித்த பசைக்குப் பலம் இருக்காது. 60 டிகிரி தாண்ட விடாதீர்கள். நாரை முக்கும்போது இன்னும் ஆறி, விரல் பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். அதிகச் சூட்டில் நார் கண்ணெதிரே சுருண்டு ரப்பராகிவிடும், அந்தக் கற்றை வீண்.

வில்லின் முதுகை ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் கீறி, சோடா உப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உலர்ந்த பின் நீர்த்த பசையை இரண்டு முறை பூசுங்கள். அதன்பின் விரல் படக் கூடாது. ஒவ்வொரு கற்றையையும் பசையில் ஊறவைத்து, விரலிடுக்கில் இழுத்து மிச்சத்தை வழித்து, நடுவிலிருந்து நுனி நோக்கிப் பரப்புங்கள். செங்கல் அடுக்குவது போல, முனைகள் ஒரே கோட்டில் சேராதபடி மாற்றிமாற்றி வையுங்கள். ஒரு ஓரம் மட்டும் தடித்தால் உலரும்போது வில் அந்தப் பக்கம் திருகும். முதல் அடுக்குக்கு ஒரு வாரம் கழித்து இரண்டாவது.

தை, மாசியில் ஒட்டினால் பங்குனி, சித்திரை வெயில் காலம் உலர்வதற்குக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். ஈரக்காற்றில் உள்ளே நாற ஆரம்பித்துவிடும். நேர் வெயிலிலும் ஃபேனுக்கு அடியிலும் வேண்டாம், மேல்தோல் முந்திக் காய்ந்து நீளவாக்கில் வெடிக்கும். இரண்டு மாதம் நிழல். வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால்தான் உலர்ந்ததாக அர்த்தம். அவசரப்பட்டு நாணேற்றியே நிறைய வில்கள் வீணாகின்றன.

முதுகில் மயிரிழை போலக் குறுக்குக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், மேல்பசை மட்டும் விரிந்திருக்கும். அதே கோடு உள்பக்க மரத்தில் வந்து, நகத்தால் தடவும்போது மடிப்பாகத் தட்டுப்பட்டால் மரம் நசுங்கிவிட்டது. அது ஆறாது. அந்த இடத்தைச் சுரண்டாமல், அதன் இருபுறமும் மெல்ல இழைத்துச் சுமையைப் பரப்பி, இழுப்பைக் குறைத்துக்கொண்டால் வில் கொஞ்ச காலம் ஓடும். நுனியில் நரம்பு தூக்கினால் வெதுவெதுப்பான நீர்த்த பசையை உள்ளே செலுத்தி, நூலால் இறுகச் சுற்றி ஒரு வாரம் விடுங்கள்.

உலர்ந்த வில்லுக்கு அரக்கு பாலிஷ் நான்கைந்து கை கொடுங்கள். மழை மாதத்தில் இழுப்பு தளர்ந்தால் நரம்பு ஈரம் குடித்திருக்கிறது: நாணை இறக்கி, அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல், காற்றோட்டமான அறையில் படுக்கைவாக்கில் வைத்து, பழைய எடைக்குத் திரும்பிய பிறகே மறுபடி நாணேற்றுங்கள்.