ஜிபிஎஸ் புள்ளிகளில் பிளவைத் தேடுதல்: இதுவரை செய்து பார்த்தது

பாறை உடைந்த பிறகு கிளம்பும் அலையைத்தான் நிலநடுக்கமானி பதிவு செய்யும். அதற்கு முன்னால் பல ஆண்டுகளாகப் பாறை வளைந்துகொண்டே இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்கப் புவியியற்பியலாளர் ஹாரி ரீடு பழைய நில அளவைக் கணக்குகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டுத்தான் இந்த விஷயத்தைப் பிடித்தார். தொலைவில் இருக்கும் நிலம் நகர்ந்துகொண்டே போகிறது. பிளவு, அதாவது பாறையின் இரு பக்கங்களும் வழுக்கக்கூடிய வெடிப்பு, மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தாங்காத நாளில் வழுக்குகிறது. இன்று அந்த வேலையை ஜிபிஎஸ் நிலையங்கள் செய்கின்றன, தரவும் இலவசம்.

நெவாடா பல்கலைக்கழகத்தின் புவியளவை ஆய்வகம் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான நிலையங்களின் இருப்பிடத்தை நாள்வாரியாகக் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஒரு நிலையத்துக்கு ஒரு எழுத்துக் கோப்பு, ஒரு நாளுக்கு ஒரு வரி. மீட்டரின் முழு எண் ஒரு பத்தியில், தசமப் பகுதி அடுத்த பத்தியில் இருக்கும். நமக்கு வேண்டிய சங்கதியெல்லாம் அந்தத் தசமத்தின் மூன்றாவது இலக்கத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

கனடாவின் வான்கூவர் தீவில், விக்டோரியா நகருக்கு அருகிலுள்ள ஆல்பர்ட் ஹெட் நிலையத்தை எடுத்துக்கொண்டேன். அங்கே ஹுவான் டி ஃபூக்கா என்ற கடலடிப் புவித்தட்டு, ஆண்டுக்கு ஏறக்குறைய 4 செ.மீ. வேகத்தில் வட அமெரிக்கத் தட்டின் அடியில் இறங்குகிறது. உலக அளவிலான அச்சில் வரைந்தால் கண்டம் மொத்தமும் நகர்வதுதான் தெரியும். ஆகவே வட அமெரிக்கத் தட்டு அசையவில்லை என்று வைத்துக் கணக்கிட்ட கோப்பே இதற்குச் சரி.

வரைந்ததும் வந்தது ஒரு புழுதிப்படலம். மழை, பனி, நிலத்தடி நீர் ஆகியவற்றின் எடைக்கு நிலம் ஆண்டுதோறும் ஏறி இறங்குகிறது. அன்டெனாவை மாற்றிய நாளில் கோடு சட்டென்று படி ஏறுகிறது. (கருவி மாற்றங்களுக்கு ஆய்வகம் தனிப் பட்டியலே வைத்திருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எந்தப் படியையும் நிலநடுக்கம் என்று கொண்டாட வேண்டாம்.) சராசரி வேகத்துக்கு அதே ஆய்வகத்தார் கையாளும் உத்தியையே பின்பற்றினேன். சரியாக ஓராண்டு இடைவெளி உள்ள நாட்களை ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வேகம் கண்டு, அத்தனையிலும் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) எடுப்பது. ஒரே பருவத்து நாட்களையே ஒப்பிடுவதால் ஆண்டுச் சுழற்சி அடிபட்டுப் போகிறது. அன்டெனாப் படி ஒன்று குறுக்கே வந்தாலும் ஓராண்டு ஜோடிகள்தான் கெடும், இடைநிலை அளவு பெரிதாக அசையாது. எளிமையான கணக்கு, ஆனால் நேர்கோட்டைப் பொருத்துவதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

அந்த வேகத்தைக் கழித்துவிட்டுக் கிழக்குத் திசை மிச்சத்தை வரைந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ரம்பப் பல்! ஓராண்டுக்கு மேல் கோடு மெல்லக் கிழக்கே ஏறுகிறது, பிறகு இரண்டொரு வாரத்தில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு மேற்கே சரிகிறது. சுமார் 14 மாதத்துக்கு ஒருமுறை இதே கதை. ஹெர்ப் டிராகெர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். 1999 கோடையில் ஏழு நிலையங்கள் சில வாரம் எதிர்த்திசையில் நகர்ந்தன. ஆழத்தில் இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று தொடும் பரப்பு சுமார் 2 செ.மீ. வழுக்கியிருந்தது. ஒரே மூச்சில் நடந்திருந்தால் அது 6.7 அளவு நிலநடுக்கத்துக்கு ஒத்தது. மேலே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இதில் நிம்மதி அடைய ஒன்றும் இல்லை. வழுக்குவது ஆழமான பகுதிதான். அதற்கு மேலே, கடலை ஒட்டிப் பூட்டிக்கிடக்கும் பகுதி அசைவதில்லை. ஒவ்வொரு மெதுவழுக்கலும் அதன் மேல் இன்னும் கொஞ்சம் சுமையை ஏற்றிவிட்டுப் போகிறது. அந்தப் பகுதி கடைசியாக உடைந்தது 1700 ஜனவரி 26 அன்று. நில அதிர்வே உணராத ஜப்பான் கரையில் வந்து மோதிய சுனாமியைப் பற்றிய பழைய பதிவுகளிலிருந்துதான் தேதி இவ்வளவு துல்லியமாகக் கிடைத்தது.

உடைந்தால் புள்ளிகள் எப்படி இருக்கும் என்று பார்க்க ஜப்பானின் ஓஷிகா தீபகற்பத்துக்குப் போனேன். 2011 மார்ச் 11 பெரும் நிலநடுக்கத்தன்று அங்குள்ள நிலையம் கிழக்கு-தென்கிழக்காக 5.3 மீட்டர் நகர்ந்து, 1.2 மீட்டர் தாழ்ந்தது. அச்சு மீட்டருக்கு மாறியதும் மற்ற ஆண்டுகளெல்லாம் தட்டையான கோடாகிவிடும். அதனால் அந்த நாளை வெட்டிவிட்டு முன்னும் பின்னும் தனித்தனியே வரைந்தேன். செங்குத்துப் படம்தான் என்னை அதிகம் உட்கார வைத்தது. நிலநடுக்கத்துக்கு முந்தைய ஆண்டுகளில் நிலம் மெல்லத் தாழ்ந்திருக்கிறது, அன்றும் தாழ்ந்தது. இப்படியே போனால் கரை எப்போதோ கடலுக்குள் போயிருக்க வேண்டும். கணக்கு நேராவது அதற்குப் பிறகுதான்: 2011-லிருந்து அங்கே நிலம் மேலேறிக்கொண்டிருக்கிறது.

நிலநடுக்கத்துக்குப் பிறகான இந்த நகர்வுக்கு மடக்கைக் கோடு (முதலில் வேகமாக ஏறி, பிறகு மெல்ல மெல்ல வேகம் குறையும் வளைவு) பொருத்தினேன். கிழக்குத் திசையில் ஓரளவு படிகிறது, செங்குத்தில் சில ஆண்டுகளுக்கு மேல் விலகுகிறது. எதிர்பார்க்க வேண்டியதுதான், ஏனென்றால் நிலநடுக்கத்துக்குப் பிறகும் பிளவு மெல்ல வழுக்கிக்கொண்டிருப்பது ஒருபுறம், மேலோட்டுக்கு அடியில் ஆழத்தில் உள்ள மூடகப் பாறை பாகுபோல் மெல்ல ஓடுவது மறுபுறம் என இரண்டு வேலை ஒரே கோட்டில் கலந்திருக்கிறது. அடுத்து மடக்கையோடு ஓர் அடுக்குக்குறிச் சார்பையும் (ஒரு குறிப்பிட்ட தணிவுக் காலத்தில் அடங்கிப்போகும் வளைவையும்) சேர்த்துப் பொருத்தப் போகிறேன். அக்கம்பக்கத்து நிலையங்களுக்கும் அதே தணிவுக் காலம் ஒத்துவந்தால் வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுவேன்.