வேலூர் ஏன் கடைசி? சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வரும் மே மாதம் வேலூர் மாவட்டத்துக்குத் தலைவலி மாதம். 2024இல் அரியலூர் 97.31 சதவீதத்தோடு முதலிடம்; வேலூர் 82.07 சதவீதத்தோடு கடைசி. 2025இல் 85.44க்கு ஏறியும் இடம் மாறவில்லை. உடனே தலைமை ஆசிரியர்களுக்கு விளக்கக் கூட்டம், மாலையில் சிறப்பு வகுப்பு. ஆனால் இந்தச் சதவீதம் தேர்வு எழுதியவர்களை மட்டுமே வைத்துப் போடும் கணக்கு. தேர்வு அறைக்கே வராத பிள்ளை இதில் இல்லை.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு நீங்களே ஒரு கணக்குப் போடலாம். ஐந்தாண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் 80 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளியில் உண்மையிலேயே சேர்ந்துவிட்டவர்கள் 6 பேர். மீதி 74. பத்தாவது எழுதியவர்கள் 62, தேறியவர்கள் 56. அறிவிப்புப் பலகையில் 90 சதவீதம் என்று எழுதுவார்கள்; 74க்குப் பார்த்தால் 76கூட வராது. இடையில் வந்து சேர்ந்தவர்களை இந்தக் கணக்கில் கலக்காமல் தனியாக எழுதுங்கள். கலந்தால் போனவர்களின் எண்ணிக்கை மறைந்துவிடும்.

தேர்வு எழுதாமல் போன 12 பேர் எங்கே? குடியாத்தம் பக்கம் பீடி, தீப்பெட்டி வேலை. பேரணாம்பட்டில் தோல் தொழில். பொங்கலுக்குப் பிறகு குடும்பத்தோடு செங்கல் சூளை. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களில் மேல்வகுப்புக்குக் கீழே இறங்கியாக வேண்டும். விடுதி இடம் கிடைக்காவிட்டால் படிப்பு அங்கேயே நின்றுவிடும். இவை தெரிந்த காரணங்கள். தெரிந்தும் பேசப்படாத ஒன்று உண்டு: ஒன்பதாவதில் பின்தங்கிய பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, ‘தனித்தேர்வராக எழுதட்டுமே’ என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவது. அப்படிச் செய்யும் பள்ளியின் சதவீதம் ஏறும். அந்தப் பிள்ளையைக் கடைசிவரை வைத்திருக்கும் பள்ளி இறங்கும். அதனால் தரவரிசையை மட்டும் வைத்து எந்தத் தலைமை ஆசிரியரையும் திட்ட எனக்கு மனம் வராது.

சான்றிதழ் கொடுத்ததும் பிள்ளையின் பெயர், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் காமன் பூலுக்குப் போகும்; ஒரு பள்ளியை விட்டு, இன்னொரு பள்ளிக் கணக்கில் ஏறாதவர்களின் பொதுப் பட்டியல் அது. சேரும் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் கணக்கில் இடமில்லை. ஜூலை கடைசிக்குள் இதைச் சரிபார்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிட நிர்ணயம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 பேர். 61 பேரில் ஒரே பெயர் விடுபட்டால் மூன்றாவது ஆசிரியர் உபரியாகி, பணிநிரவலில் வேறு ஊருக்குப் போவார். இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்த்தால் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு யார் நேரம் ஒதுக்குவது? அந்தத் தடுமாற்றம்தான் ஐந்து வருடம் கழித்துப் பத்தாவது கணக்குத் தாளில் தெரிகிறது.

பணமும் இதே எண்ணிக்கையின் பின்னால்தான் வருகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு ரூ.10,000, அதற்கு மேல் 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000. சுண்ணக்கட்டி, மின்கட்டணம், கழிப்பறைப் பராமரிப்பு எல்லாம் இதற்குள்தான். குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு என்பது விதி. ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிரும் திட்டம் இது. ஒன்றிய அரசின் பிஎம்ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராத விவகாரத்தில் 2024-25க்கான ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தியபோது, பணம் எப்போது வரும் என்று எந்தப் பள்ளிக்கும் தெரியவில்லை. அதில் உள்ளூரில் யாரும் எதுவும் செய்துவிட முடியாது. எண்ணிக்கை விடுபடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம் கையில்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் கூட்டத்தில் மூன்று பட்டியல் கேளுங்கள்: காமன் பூலில் இருக்கும் பெயர்கள், தொடர்ந்து வராதவர்கள், பத்தாவதில் தவறியவர்கள். மூன்றாவதற்கு அவசரம் அதிகம். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள். விடுமுறையில் பள்ளிப் பக்கமே வராத பிள்ளைக்கு அந்தத் தேதி தெரியாது. முடிவு வந்த அன்றே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட வேண்டும்.