‘கேட்டைப் பூட்டிட்டாங்க’: இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

வேலூர்க் கோட்டையைப் பார்க்கப் போனவர் வாசலோடு திரும்பி வந்து, "கேட்டைப் பூட்டிட்டாங்க" என்கிறார். பூட்டியது யார் என்று அவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் அது வேண்டியதில்லை. தமிழில் அந்த 'ஆங்க' போதும். இதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம் பிள்ளைகளில் பலர் "தே லாக்ட் தி கேட்" என்று எழுதுவார்கள். படிக்கிறவர் 'தே' என்பது யாரென்று முந்தின வரியில் தேடுவார். பேச்சில் இந்த 'தே' சில இடங்களில் ஓடும், எழுத்தில் இடறும். ஆங்கிலம் இந்த இடத்தில் "தி கேட் ஹாஸ் பீன் லாக்ட்" என்று எழுதும். இதுதான் பாஸிவ் வாய்ஸ்.

பள்ளியில் இதைச் செயப்பாட்டுவினை என்று சொல்லி, 'படு' சேர்த்து 'பூட்டப்பட்டது' என்று காட்டுவார்கள். இலக்கணப்படி சரிதான். ஆனால் ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ எந்த வீட்டிலும் 'கேட் பூட்டப்பட்டது' என்று பேசுவதில்லை. அதனாலேயே பாஸிவ் என்பது பரீட்சைக்கான பாஷை என்று பிள்ளைகள் ஒதுக்கிவிடுகிறார்கள். நாம் வாய்விட்டுப் பேசும் தமிழில் அதற்கு ஈடாக இருப்பவை, யாரென்று சொல்லாத இந்த 'ஆங்க'வும், 'ஆச்சு'வும். "ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க" என்றால் "தி ரோடு ஹாஸ் பீன் டக் அப்". "காட்பாடியில என் பையை அடிச்சிட்டாங்க" என்றால் "மை பேக் வாஸ் ஸ்டோலன் அட் காட்பாடி". "ஃபீஸ் கட்டியாச்சு" என்றால் "தி ஃபீஸ் ஹாவ் பீன் பெய்ட்". "அப்பாவை வார்டுக்கு மாத்திட்டாங்க" என்றால் "மை ஃபாதர் ஹாஸ் பீன் ஷிஃப்டட் டு தி வார்டு". இந்த நான்கு ஆங்கில வாக்கியங்களிலும் 'பை' (by) என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்தவர் பெயர் தேவைப்படாததால்தான் பாஸிவுக்கே போகிறோம். அப்புறம் 'பை சம்படி' என்று ஒட்டவைப்பதில் அர்த்தமில்லை.

ஆங்கிலத்துக்கு இது ஏன் வேண்டியிருக்கிறது? நம்மிடம் 'ஐ' உருபு இருக்கிறது. "நாய் பையனைக் கடிச்சது", "பையனை நாய் கடிச்சது" இரண்டும் ஒரே சேதி. எதை முன்னால் வைத்தாலும் கடிபட்டவன் பையன்தான், அந்த 'ஐ' அவனை விட்டுப் போகாது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஓர் உருபு கிடையாது, சொல் நிற்கும் இடம்தான் எல்லாம். "தி டாக் பிட் தி பாய்" என்பதில் பையனை முன்னால் தூக்கி வைத்தால் "தி பாய் பிட் தி டாக்", அதாவது பையன் நாயைக் கடித்துவிடுகிறான். பையனைப் பற்றித்தான் பேச்சு, அவனை முதலில் வைக்க வேண்டும் என்றால் வினையை மாற்றியாக வேண்டும்: "தி பாய் வாஸ் பிட்டன் பை தி டாக்". நாம் உருபை வைத்துச் செய்கிற வேலையை அவர்கள் வினையை வைத்துச் செய்கிறார்கள்.

மாற்றும் முறைக்கு வருவோம். முதலில் வினையைக் கண்டுபிடித்து அது எந்த டென்ஸ் என்று பாருங்கள். அடுத்து 'எதை?', 'யாரை?' என்று கேளுங்கள். பதில் வந்தால் அதுதான் ஆப்ஜெக்ட், அது முன்னால் போகும். பதில் வரவில்லையென்றால் அந்த வாக்கியத்துக்குப் பாஸிவே கிடையாது, பேனாவைக் கீழே வைத்துவிடலாம். பிறகு அந்த டென்ஸுக்கு உரிய 'பி' (be) வடிவம், அதாவது 'இஸ்', 'வாஸ்' போன்றவை, அதன் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம், அதாவது வி3. செய்தவரைச் சொல்ல வேண்டுமென்றால் கடைசியில் 'பை'. 'பி' வடிவம் புதிதாக முன்னால் வந்த சொல்லைப் பார்த்து அமைய வேண்டும், பழைய சப்ஜெக்டைப் பார்த்து அல்ல. "தி கிளார்க் சைன்ட் தி சர்டிபிகேட்ஸ்" என்பதை மாற்றும்போது கிளார்க் ஒருவர்தான் என்று 'வாஸ்' போடுபவர்கள் அதிகம். முன்னால் வந்திருப்பது சர்டிபிகேட்ஸ், அதனால் 'வேர்'.

பன்னிரண்டு டென்ஸ் என்று மனப்பாடம் செய்தாலும் பாஸிவுக்கு வழக்கில் இருப்பவை எட்டுதான். ஓர் அண்டா ஆம்பூர் பிரியாணியை வைத்தே பார்த்துவிடலாம். தினமும் நடப்பது "பிரியாணி இஸ் குக்ட்". இப்போது தம்மில் இருந்தால் "இஸ் பீயிங் குக்ட்". இறக்கியாயிற்று என்றால் "ஹாஸ் பீன் குக்ட்". நேற்று என்றால் "வாஸ் குக்ட்". நாம் போனபோது அடுப்பில் இருந்தது என்றால் "வாஸ் பீயிங் குக்ட்". நாம் போவதற்கு முன்பே முடிந்திருந்தால் "ஹாட் பீன் குக்ட்". நாளைக்கு "வில் பி குக்ட்". நாளை மதியத்துக்குள் முடிந்திருக்கும் என்றால் "வில் ஹாவ் பீன் குக்ட்".

இதில் பெரும்பாலோர் விழும் குழி 'பீயிங்', 'பீன்' இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வேகமாகச் சொல்லும்போது நம் வாயில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன, அதனால் "இஸ் பீன் குக்ட்" என்று எழுதிவிடுகிறார்கள். 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்' வந்தால் அடுத்தது 'பீயிங்'. ஹாஸ், ஹாவ், ஹாட் வந்தால் அடுத்தது 'பீன்'. இந்த ஜோடி மாறவே மாறாது. இதை ஒருநாள் உட்கார்ந்து பழகினால் பாஸிவில் பாதிப் பிழை போய்விடும்.

மீதிப் பாதியில் முதலிடம் இன்டர்வியூக்களில் கேட்கிற "ஐ ஆம் கம்ப்ளீட்டட் மை பி.காம்" என்ற வாக்கியத்துக்கு. 'நான்' என்றாலே 'ஐ ஆம்' என்று சின்ன வகுப்பில் பதிந்துபோனதன் விளைவு இது. 'ஆம்' பின்னால் வி3 வந்ததும் அது பாஸிவ் ஆகிவிடுகிறது. 'நான் முடிக்கப்பட்டேன்' என்று தொடங்கிவிட்டு, அதன் பின்னால் பி.காமையும் வைத்தால் கேட்பவருக்கு எதுவும் ஒட்டாது. சொல்ல வேண்டியது "ஐ ஹாவ் கம்ப்ளீட்டட் மை பி.காம்", அல்லது ஆண்டைச் சேர்த்து "ஐ கம்ப்ளீட்டட் மை பி.காம் இன் 2022". "ஐ ஆம் ஸ்டடீட் இன் காட்பாடி" என்பதும் அதே நோய்தான், "ஐ ஸ்டடீட் இன் காட்பாடி" போதும். இதற்கு நேர் எதிர்ப் பிழை "ஐ பார்ன் இன் வேலூர்". தமிழில் 'பிறந்தேன்' செய்வினை, அதனால் 'வாஸ்' விட்டுப்போகிறது. ஆங்கிலத்தில் பெற்றவள் தாய், பிறந்தவர் பெறப்பட்டவர். எனவே "ஐ வாஸ் பார்ன் இன் வேலூர்".

"ஆன் ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்" என்பது பத்திரிகைக்கு அனுப்பும் செய்திகளில்கூடத் தட்டுப்படுகிறது. 'எதை நடந்தது?' என்று கேட்க முடியாதே! ஹேப்பன், அக்கர், டை, அப்பியர், அரைவ் போன்றவற்றுக்குப் பாஸிவ் இல்லை. "ஆன் ஆக்ஸிடென்ட் ஹேப்பன்ட்" என்று நிறுத்திக்கொள்ளலாம். 'உடைந்தது', 'உடைத்தார்கள்' என்று நமக்கு வெவ்வேறு வடிவம் இருப்பது இன்னொரு இடத்தில் கைகொடுக்கும். கண்ணாடி தானாக உடைந்தால் "தி கிளாஸ் புரோக்", யாரோ உடைத்திருந்தால் "தி கிளாஸ் வாஸ் புரோக்கன்". ஆங்கிலத்தில் ஒரே வினைதான் இரண்டுக்கும், ஆக தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே எது வேண்டுமென்று தெரிந்துவிடும்.

'பை' வேண்டிய இடமும் உண்டு. செய்தவர்தான் சேதி என்றால் அவர் பெயர் கடைசியில் நிற்கும்போது அழுத்தம் கிடைக்கும். "சிஎம்சி வாஸ் ஃபவுண்டட் பை ஐடா ஸ்கடர் இன் 1900" என்று வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுவது அப்படிப்பட்ட வாக்கியம். இதை "வாஸ் ஃபவுண்ட் பை" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். 'ஃபைண்ட்' என்பதன் வி3தான் 'ஃபவுண்ட்', அதாவது கண்டெடுத்தல். நிறுவுதல் என்ற வினையே 'ஃபவுண்ட்', அதன் வி3 'ஃபவுண்டட்'. கடைசி இரண்டு எழுத்து (ed) விட்டுப்போனதால் ஆஸ்பத்திரியைத் தெருவில் கண்டெடுத்ததாக ஆகிவிடுகிறது. கருவிக்கு 'பை' வராது, 'வித்'தான். "கட் வித் எ நைஃப்" என்பதே சரி.

பரீட்சைக்கான மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'டிட்' உள்ள கேள்வியில் 'டிட்' மறைந்து 'வாஸ்' அல்லது 'வேர்' முன்னால் வரும். 'ஹூ' என்பது 'பை ஹூம்' ஆகும். "க்ளோஸ் தி கேட்" என்பதற்கு "லெட் தி கேட் பி க்ளோஸ்ட்" என்பது தேர்வு விடை. வெளியே யாரும் அப்படிச் சொல்வதில்லை, போர்டில் எழுதுவதென்றால் "தி கேட் மஸ்ட் பி கெப்ட் க்ளோஸ்ட்" என்றே எழுதுங்கள். 'லுக் ஆஃப்டர்' போன்ற ஜோடி வினைகளில் 'ஆஃப்டர்' கூடவே வர வேண்டும், 'பை' வந்துவிட்டதே என்று அதைத் தூக்கிவிடக் கூடாது: "தி சைல்ட் இஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹெர் கிராண்ட்மதர்".

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் செய்முறை எழுத வேண்டி வரும். அங்கே பாஸிவ் இல்லாமல் நடக்காது. யார் ஊறவைத்தார் என்பது முக்கியமே இல்லை, தோலுக்கு என்ன ஆனது என்பதுதான் பேச்சு. "தி ஹைட்ஸ் ஆர் சோக்ட் இன் வாட்டர். தென் தே ஆர் லைம்ட் டு லூஸன் தி ஹேர்." வழக்கமான முறை என்றால் 'ஆர்', குறிப்பிட்ட ஒரு லாட்டுக்கு நடந்தது என்றால் 'வேர்'. ஒரே தோலுக்கு அடுத்தடுத்து நடப்பவற்றுக்கு ஒரு 'ஆர்' போதும்: "ஆர் சோக்ட், லைம்ட் அண்ட் ஃப்ளெஷ்ட்" (ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, ஒட்டியிருக்கும் சதையை நீக்குவது). பாதியில் "வி லைம் தெம்" என்று ஆக்டிவுக்குத் தாவினால் படிக்கிறவர் தோலை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கத் தொடங்குவார்.

புகார்க் கடிதத்தில் இரண்டையும் கலந்தே எழுத வேண்டும். பழுது பாஸிவில்: "தி ஸ்ட்ரீட் லைட் ஹாஸ் நாட் பீன் ரிப்பேர்ட்". நீங்கள் செய்தது ஆக்டிவில்: "ஐ கேவ் எ ரிட்டன் கம்ப்ளெய்ன்ட் ஆன் 3 ஜூன்". இதையும் "எ கம்ப்ளெய்ன்ட் வாஸ் கிவன்" என்று எழுதினால் கொடுத்தது யார் என்ற கேள்வி வந்து, உங்கள் பக்கம் பலவீனமாகும்.

செய்தவரை மறைப்பது எவ்வளவு பெரிய விஷயமாகலாம் என்பதற்குக் கோட்டையே சாட்சி. 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி அன்றைக்கே கோட்டையை மீட்டார். "தி ஃபோர்ட் வாஸ் ரீடேக்கன் அண்ட் ஹண்ட்ரட்ஸ் ஆஃப் சிப்பாய்ஸ் வேர் கில்ட்" என்று எழுதினால் இலக்கணம் சரி, ஆனால் கொன்றவர் வாக்கியத்தில் இல்லை. "கில்லெஸ்பிஸ் ட்ரூப்ஸ் கில்ட் ஹண்ட்ரட்ஸ் ஆஃப் சிப்பாய்ஸ்" என்று எழுதும்போதுதான் அவர்கள் உள்ளே வருகிறார்கள். வரலாற்று விடை எழுதும் மாணவர்கள் இந்த இடத்தில் ஆக்டிவையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி. அதன் முன்பாதியில் "வாஸ் அட்மிட்டட் வித் ஃபீவர்", "ஆன்டிபயாடிக்ஸ் வேர் ஸ்டார்ட்டட்" என்று வருபவையெல்லாம் டாக்டரும் நர்ஸும் செய்து முடித்தவை. கீழே 'அட்வைஸ்' பகுதிக்கு வந்ததும் வினை மாறும்: "தி ஊண்ட் ஷுட் பி கெப்ட் டிரை", "டேப்லெட்ஸ் டு பி டேக்கன் ஆஃப்டர் ஃபுட்", "சூச்சர்ஸ் டு பி ரிமூவ்ட் ஆன் தி டென்த் டே". இங்கேயும் செய்பவர் பெயர் கிடையாது. முதல் இரண்டு வரியில் காயத்தை நனையாமல் பார்த்துக்கொள்வதும், சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை கொடுப்பதும் வீட்டில் இருக்கிற நீங்கள். மூன்றாவது வரியில் தையலைப் பிரிப்பவர் டாக்டரோ நர்ஸோ, பத்தாம் நாள் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியது நீங்கள்.